கொதிக்காத தண்ணீர்

அந்த எஞ்சினியர் கிணற்றை இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கையில் அளவு நாடா, காதிடுக்கில் பென்சில், காலில் பளபளக்கும் டவுன் ஷூ. கோழிகளுக்குப் போட எடுத்துவந்த உருளைக்கிழங்குத் தோலோடு சபீனா கில்பேன் தன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பேட்ரிக் புனிதரின் கிணற்றை அவள் அறிந்து யாரும் அப்படிச் சுற்றியதில்லை. கிணறு எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். சூரியன் போகிற வழியிலேயே நாமும் போக வேண்டும். பால்குடி மறந்த குழந்தைக்கும் அந்த ஊரில் அது தெரியும். சவப்பெட்டி தூக்கிப் போகிறவர்கள்கூட, தோள் எவ்வளவு வலித்தாலும், கிணற்றை வலமாகச் சுற்றிக்கொண்டுதான் பாதையில் ஏறுவார்கள். இடமாகச் சுற்றுகிறான் என்றால் யாரையோ சபிக்க வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"ஐயா! ஏங்க! அந்தப் பக்கமாப் போகாதீங்க!" என்று கத்தினாள்.

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, சேறா இருக்கா?"

"சேறெல்லாம் இல்ல. அது வழி இல்ல. இப்படித் திரும்பி வாங்க."

பாவம், நல்ல மனுஷர்தான். தொப்பியைத் தொட்டு மரியாதையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, எடுத்த காரியத்தை முடிக்கிறவராக மீதிச் சுற்றையும் அதே பக்கமாக முடித்தார். அளவு சரிதானா என்று சந்தேகம் வந்து, நாடாவைச் சுருட்டிக்கொண்டு மறுபடி ஒரு தரம் போனார். சபீனா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு அவருடைய கார் கிளம்பவில்லை. ஊரில் மிச்சமிருந்த ஆண்கள் அத்தனை பேரும் வந்து தள்ளினார்கள். அத்தனை பேர் என்றால் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை, காரின் பின்பக்கம் தாராளமாகப் போதும். தள்ளியவர்களில் பார்ட்லி கேனனும் ஒருவர். ரோட்டோரத்தில் கடை வைத்திருப்பவர், தண்ணீர்க் கமிட்டியின் தலைவர், சபீனாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். மூச்சிரைக்க அவர் நிமிர்ந்தபோது சபீனா பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாத்தியா பார்ட்லி. நகர மாட்டேங்குது."

"பேட்டரி போயிடுச்சு சபீனா. வெறும் பேட்டரி."

"டவுன்லேருந்து வர்ற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"அடப் போ. போன வாரம் கூடத்தான் அந்தாளு கார் பாதி வழியில நின்னுச்சு."

"அப்ப போன வாரம் வேற எந்தக் கிணத்தச் சுத்திட்டு வந்தானோ!"

தள்ளிக்கொண்டிருந்தவர்கள் சிரித்ததில் பிடி விட்டுப்போய், கார் மறுபடி பள்ளத்தில் இறங்கியது. பார்ட்லிக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு சபீனாவின் சம்மதம் வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். வீட்டுக்கு வீடு குழாய் வரப்போகிறது என்று இரண்டு வருஷமாகப் பேச்சு. மின்சாரம் வந்தபோது இப்படித்தான் பேசினார்கள், அதுவும் வந்துதான் விட்டது. அக்கம்பக்கத்து ஊர்களிலெல்லாம் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறதாம். ஆனால் குழாயில் விட முதலில் தண்ணீர் வேண்டுமே. கோடையிலும் சொட்டுக் குறையாத ஊற்று அந்த மலைச்சரிவில் ஒன்றே ஒன்றுதான். அது புனிதரின் கிணறு, குனிந்தாலே தண்ணீர் கைக்கு எட்டும், அது சபீனாவின் வயலில் இருந்தது. மேலே காங்கிரீட்டில் ஒரு சின்ன அறை கட்டி, இரும்புக் கதவு போட்டு, மோட்டார் வைத்து இழுத்துவிடலாம் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டார். சபீனா சரி என்று சொல்லாமல் யாரும் அங்கே மண்வெட்டி வைக்க முடியாது.

வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். இத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டா இந்த ஊர் தண்ணீருக்கு அலைந்தது என்பான். அலைந்துதான் கிடந்தது. புனிதரின் தண்ணீரை வீட்டுக் காரியத்துக்கு யாரும் எடுப்பதில்லை. ஜுரத்தில் கிடக்கும் குழந்தைக்கு, கன்று போட முடியாமல் தவிக்கும் பசுவுக்கு, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறவனுக்கு ஒரு பாட்டில், அவ்வளவுதான். துவைக்க, சமைக்க, டீ போட எல்லாம் கீழே ஏரிக்கரை ஊற்றிலிருந்து வாளியில் சுமந்துதான் வர வேண்டும். ஏற்றத்தில் பாதி வாளி சிந்திவிடும். சுமந்து வருகிற வழியிலேயே புனிதரின் கிணறு நிரம்பித் தளும்பிக்கொண்டிருக்கும். பெண்கள் நின்று ஒரு சிலுவை போட்டுவிட்டு, வலமாகச் சுற்றிக்கொண்டு, வாளியோடு வீட்டுக்குப் போவார்கள். அதில் வேடிக்கை ஒன்றும் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

மீறி எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. அந்தத் தண்ணீர் கொதிக்காது. ஜமீன் பங்களாவில் பிரபு இருந்த காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த சமையற்காரி ஒருத்தி, இதென்ன பட்டிக்காட்டுக் கூத்து என்று ஒரு பானை மொண்டுபோய் அடுப்பில் ஏற்றினாளாம். ஒரு வண்டி விறகு எரிந்தும் தண்ணீர் பனிக்கட்டியாகக் குளிர்ந்தபடியே இருந்ததாம். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மீன் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்ததாம். அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாளாம். அதற்குப் பிறகு யாரும் பரீட்சை பார்க்கவில்லை, தெரிந்த விஷயத்தைப் பரீட்சை வேறு பார்ப்பானேன்.

கிணறு வந்த கதையைக் கோயிலின் பழைய பங்குச் சாமியார் பிரசங்கத்தில் வருஷம் தவறாமல் சொல்வார். மலையில் நாற்பது நாள் நோன்பிருந்து இறங்கி வந்த பேட்ரிக், அஞ்ஞானிகள் நடுவில் நின்று கோலால் தரையில் ஓங்கி அடித்தார், தண்ணீர் பீறிட்டது, ஊரே முழந்தாளிட்டது. சபீனாவின் அம்மா அந்த இடம் வரும்போது பெஞ்சில் கொஞ்சம் அசைந்து உட்காருவாள். வீட்டுக்கு வந்ததும், ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே, "அடிக்கவும் இல்ல, கிடிக்கவும் இல்ல. அவர் வர்றதுக்கு முன்னாடியே கிணறு அங்கதான் இருந்துச்சு" என்பாள்.

அம்மாவின் கதையில் அந்தக் கிணற்றுக்கு ஒரு சொந்தக்காரி இருந்தாள். பழைய தெய்வத்துக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தவள். அப்போதும் ஜனங்கள் இதே பக்கமாகத்தான் சுற்றினார்கள். தாகத்தோடு வந்த பேட்ரிக்குக்கு அவள் ஒரு குவளை தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டு, இது யாருடைய கிணறு என்று கேட்டார். என்னுடையது என்றாள். இதை நான் ஆசீர்வதிக்கட்டுமா என்று கேட்டார். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, சரி, ஆனால் ஜனங்கள் நடக்கிற பக்கத்தை மட்டும் மாற்றாதே என்றாள். அவரும் ஒப்புக்கொண்டார். அந்த ஊருக்கு வேதம் வந்தது அப்படித்தான், ஒரு குவளைத் தண்ணீரில் முடிந்த காரியம்.

"அப்புறம் அவ என்னம்மா ஆனா?" என்று சபீனா ஒருதரம் கேட்டாள்.

"என்ன ஆவா? வீட்டுக்குப் போனா. மாடு கறக்க வேணாமா?"

ஜூலை மாதத்துக் கடைசி ஞாயிறு புனிதரின் கிணற்றுத் திருநாள். சபீனா சின்னப் பெண்ணாக இருந்தபோது முந்தின நாளே ஜனங்கள் வந்து இறங்குவார்கள். குதிரை வண்டி, கழுதை வண்டி, ஏரியைத் தாண்டிப் படகு. காலையில் வெறுங்காலோடு ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கூழாங்கல்லைக் குவியலில் போட்டு, பரலோக மந்திரமும் அருள் நிறை மந்திரமும் சொல்லி, முழந்தாளிட்டு மூன்று மடக்குக் குடிக்க வேண்டும். கிணற்றோரத்து முள்மரத்தில் வேண்டுதலுக்குக் கட்டிய துணிக்கிழிசல்கள் காற்றில் ஆடும். செபமெல்லாம் மதியத்தோடு சரி. மதியத்துக்கு மேல் இஞ்சி பிஸ்கட் கடை, குலுக்குச்சீட்டு, பாறைமேல் மெலோடியன் வாத்தியம், ஆட்டம். சாயந்திரம் ஒரு சண்டையாவது இல்லாமல் திருநாள் முடிந்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எத்தனை வருஷம் ஆனாலும் சபீனாவுக்கு ஈரப்புல்லில் வெறுங்கால் வைத்தால் அந்த இஞ்சி பிஸ்கட் வாசனை வந்துவிடும். அந்த நாட்கள் திரும்பி வரவேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. அவை நடந்த இடமாவது அப்படியே இருக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

புருஷன் ஃபெஸ்டியை அவள் முதலில் பார்த்தது அங்கேதான், ஐந்தாவது சுற்றில். பின்னால் ஒருவன் ரொம்ப நெருக்கமாக வருவது தெரிந்து நடையை எட்டிப் போட்டாள். அவனும் எட்டிப் போட்டான். "செபம் சொல்றியா, ரேஸ் ஓடுறியா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் சிரித்ததில் எத்தனாவது சுற்று என்பதே மறந்துபோய், பயந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவனும் கூடவே ஆரம்பித்தான். புனிதருக்கு அன்றைக்கு இரட்டிப்பு மரியாதை.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் அந்த வாயோடு குடித்தனம் நடத்தினாள். ஃபெஸ்டி கில்பேனுக்குக் கேலி செய்யக்கூடாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. ஏரியிலிருந்து வாளி சுமந்து ஏறும்போதெல்லாம் கிணற்றைப் பார்த்துத் தொப்பியை எடுத்து, "சாமி, ஒரு நாள் உன் தண்ணியில டீ போட்டுக் குடிக்காம நான் சாகப்போறதில்ல" என்று சத்தமாகச் சொல்வான். சபீனா அவன் வாயைப் பொத்துவாள்.

சாகும்போது அதையேதான் கேட்டான். நான்கு குளிர்காலத்துக்கு முன்னால் நெஞ்சில் சளி கட்டி, பேச்சே காற்றாகப் போய்விட்ட நேரம். "சபீனா, ஒரு கப் டீ. அவரு தண்ணியில." அவள் கெட்டிலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். போய் நின்றாள். தண்ணீர் முழுக்க ஆகாயம் தெரிந்தது. குனிந்து கெட்டிலை முக்க அவள் கைக்கு வரவில்லை. கொதிக்காமல் போனால் அவன் ஆசை கெடும், கொதித்துவிட்டால் அவளுடையது என்னென்னவோ கெடும். திரும்பி வந்து, கூரைத் தண்ணீர் விழுகிற தகரப் பீப்பாயில் மொண்டு டீ போட்டுக் கொடுத்தாள்.

அவன் இரண்டு வாய் குடித்தான். "கொதிச்சுதா?"

"கொதிச்சுது."

கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு ஒரு கண்ணை மூடித் திறந்தான். "புனிதரோட தண்ணியில தகர வாசனை அடிக்குதேடி" என்றான். சிரித்தான், சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை. இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தான். நீலக்கரை போட்ட அவனுடைய கப் அலமாரிக் கொக்கியில் அன்றிலிருந்து அப்படியே தொங்கியது.

பார்ட்லிக்கு இதெல்லாம் தெரியாது. அவர் வந்து கணப்பருகே உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, இருமி, மாட்டைப் பற்றி விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"புதுச் சாமியாரையும் கேட்டாச்சு சபீனா. புனிதருக்கு ஒரு ஆட்சேபமும் இருக்காதுன்னு சொல்லிட்டாரு."

"புனிதர் அவர்கிட்ட சொன்னாராமா?"

"காலம் மாறிப்போச்சு. பூசையே இப்ப லத்தீன் போயி நம்ம பாஷையில நடக்குது. சாமியார் நம்ம பக்கம் திரும்பி நிக்கிறாரு. பாத்ததில்லையா நீ?"

"பாத்தேன், பாத்தேன். மூஞ்சியப் பாக்காம இருந்தப்ப பக்தி ஜாஸ்தியா இருந்துச்சு."

பார்ட்லி சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் குரல் தணிந்தது. "ரோசலீன் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும்ல?"

தெரியும். கிணற்றுக்குக் கிழக்கே அடுத்த வீடு அவளுடையது. ரோசலீன் டவுன்காரி, குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள். புருஷன் ஜார்லத் வருஷத்தில் பாதி நாள் இங்கிலாந்தில் கட்டட வேலை. நான்கு குழந்தைகள், ஊரில் மிச்சமிருக்கிற குழந்தைகளே அவை நான்கும்தான். அந்தப் பெண் தினமும் ஏரியிலிருந்து ஏறி வருவதைச் சபீனா ஜன்னலில் பார்ப்பாள். கிணற்றடிக்கு வந்ததும் வாளிகளை இறக்கி வைத்து, விரல்களை நீட்டி மடக்கிப் பார்ப்பாள். அங்கிருந்து அவள் வீட்டுக்கு நேராகப் போனால் கூப்பிடு தூரம்தான். ஆனால் நேராகப் போனால் கிணறு இடக்கைப் பக்கம் விழும். அதனால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு முழுக் கிணற்றையும் வலமாகச் சுற்றித்தான் போவாள். டவுன்காரிதான், ஆனால் யாரும் சொல்லித்தராமலே முதல் நாளிலிருந்து அப்படித்தான் போனாள். சபீனாவுக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

அந்தக் கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. ஏரிக்கரை ஊற்று கலங்கிச் சேறாக வந்தது. ஒரு நாள் ரோசலீன் சபீனாவின் வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம், ஒரு பாட்டில் புனிதரின் தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"இதுக்கு என்னக் கேக்கணுமா பொண்ணே? எடுத்துக்கோ. ரெண்டு பாட்டிலா எடுத்துக்கோ."

"ஒண்ணு போதும், சபீனாம்மா." பாட்டிலைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள். "நீங்க வேற யார் வாயிலயாவது கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு நெனச்சேன். ஜார்லத் அங்க இங்கிலாந்துல, கவன்ட்ரில ஒரு வீடு பாத்திருக்காரு. செப்டம்பர்ல நாங்க போறோம்."

சபீனா கிழக்கு வீட்டுப் பக்கம் பார்த்தாள். "குழாய் வந்தா?" என்றாள்.

"வந்தா எதுக்குப் போறோம்? ஆனா உங்கள நான் கேக்க மாட்டேன். அது உங்க கிணறு. நானும் அதுல கல்லுப் போட்டு வேண்டியிருக்கேன். கடைசிப் பையன் வயித்துல இருந்தப்ப." அழவில்லை அவள். அழுதிருந்தால் சபீனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, வலமாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் சபீனா கடைக்குப் போய் பார்ட்லியிடம் சொன்னாள். "திருநாள் முடியட்டும். அன்னைக்குச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"எனக்கே தெரியாததை உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

திருநாளன்று வானம் மூடிக்கிடந்தது, மழை இல்லை. வந்தவர்களை ஒரு வண்டியில் ஏற்றிவிடலாம். பார்ட்லி, ரோசலீனும் குழந்தைகளும், மலைக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து இரண்டு கிழவர்கள். சபீனா காலுறையைக் கழற்றி ஷூவுக்குள் திணித்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். ஐந்தாவது சுற்றில் வழக்கம்போல அவளுக்கு முதுகில் ஒரு குறுகுறுப்பு. திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாவது கல்லைப் போட்டு, முழந்தாளிட்டு, மூன்று மடக்குக் குடித்தாள். எழுந்து நேராக வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் வாளி இருந்தது.

பாட்டில் இல்லை, வாளி. அந்தக் கிணற்றுக்குள் ஒரு வாளி இறங்கியதை அங்கே நின்ற யாரும் பார்த்ததில்லை. கிழவர்களில் ஒருவர் செபமாலையை நிறுத்திவிட்டார். சபீனா குனிந்து முக்கினாள். கிணற்றிலிருந்த ஆகாயம் கலைந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி கூடியது.

"சபீனா, என்ன பண்றே?" என்றார் பார்ட்லி. ஒரு சம்மதத்துக்காக இரண்டு வருஷமாக நடையாய் நடந்தவர், இப்போது அவர்தான் ஓரடி பின்வாங்கினார்.

"டீ போடப் போறேன். எல்லாரும் வாங்க."

கெட்டிலை நிரப்பிக் கணப்புக்கு மேலே கொக்கியில் மாட்டினாள். விறகுக்குப் பதிலாகச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிகளில் நல்லதாகப் பார்த்து எடுத்து அடுக்கி ஊதினாள். எல்லாரும் கோயிலில் உட்காருகிற மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். குழந்தைகள்கூட அசையவில்லை. கெட்டிலின் அடியில் கரி கறுத்திருந்தது, மேலே வியர்த்திருந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இது கொதிக்காமல் இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று சபீனா நினைத்தாள். புனிதர் வேண்டாம் என்கிறார் என்று சொல்லிவிடலாம். கதவுமில்லை காங்கிரீட்டுமில்லை, கிணறு கிணறாக இருக்கும், ஃபெஸ்டிக்குக் கொடுத்தது தகரத் தண்ணீரானாலும் தப்பில்லை என்றாகும். ரோசலீன் போய்விடுவாள். அந்தக் கிழக்கு வீட்டுப் புகைபோக்கியில் புகை வராத காலை ஒன்று அவள் கண்முன் வந்தது. கொதிக்கட்டும் என்று நினைத்தாள். கொதித்தால், செத்துக்கொண்டிருந்தவன் கேட்ட ஒரு கப் டீயை ஒன்றுமில்லாத பயத்துக்காகக் கொடுக்காமல் விட்டவளாகிவிடுவாளே. தன் புருஷனுக்கு மறுத்ததை ஊருக்கு எப்படிக் கொடுப்பது? இரண்டில் எதை வேண்டுவது என்று தெரியாமல் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

"நேரமாகுதே" என்றார் ஒரு கிழவர்.

"கட்டி ஈரம் சபீனா, அதான். என் கடையில நல்ல காஞ்ச நிலக்கரி இருக்கு" என்றார் பார்ட்லி.

"வாயை மூடு பார்ட்லி."

ரோசலீன் மட்டும் கெட்டிலைப் பார்க்கவில்லை, சபீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள். "இறக்கிடுங்க சபீனாம்மா. எங்களுக்காக வேணாம். நாங்க எங்கயாவது பொழச்சுக்குவோம்."

சபீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்க வாளிப்பிடியின் தழும்பு. தன்னுடைய கையும் அந்த வயதில் இப்படித்தான் இருந்தது, ஃபெஸ்டி அதைப் பிடித்துப் பார்த்து, புனிதருக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் உனக்கு இந்தக் கதியா என்று கேலி செய்தது, அந்தக் கேலிக்குள் கோபம் இருந்தது எல்லாம் இப்போது புரிந்தது. அவன் டீக்காகக் கேட்கவே இல்லை என்று தோன்றியது. அவளுக்காகத்தான் இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கெட்டில் முனக ஆரம்பித்தது. முதலில் யாரோ தொண்டையைக் கனைக்கிற மாதிரி, பிறகு நிதானமாக. மூக்கில் ஒரு இழை ஆவி வந்தது, மூடி தட்டியது, தண்ணீர் பொங்கி நெருப்பில் விழுந்து சீறியது. ரோசலீனின் பிள்ளைகளில் ஒருவன், "மீன் இருக்கா?" என்று கேட்டான். ரோசலீன் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மீன் இல்லடா கண்ணா" என்றாள் சபீனா. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவள் ஒளிந்துகொள்ளவில்லை. துக்கமாகத்தான் இருந்தது, ரொம்ப துக்கமாக இருந்தது. கூடவே, வெகுநாள் தூக்கி வந்த ஒன்றை இறக்கி வைத்த மாதிரி கை லேசாகவும் இருந்தது.

டீயைப் போட்டு மூடி வைத்தாள். அலமாரிக் கொக்கியிலிருந்து நீலக்கரைக் கப்பை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் தூசி துடைத்து, முதல் டீயை அதில் ஊற்றினாள். யாரும் குடிக்கத் துணியவில்லை. அவளே எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் பார்ட்லி.

"டீ மாதிரி இருக்கு." இன்னொரு வாய் குடித்தாள். "தகர வாசனை இல்ல."

அது அவர்களுக்குப் புரியவில்லை, இருந்தாலும் எல்லாரும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். சோடா ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். குழந்தைகள் இன்னும் சர்க்கரை கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு கிளம்பியது, கிழவர்கள் இஞ்சி பிஸ்கட் கடைக்காரியின் பெயரைப் பற்றித் தகராறு பண்ணினார்கள். திருநாள் என்றால் ஒரு சண்டையாவது வேண்டுமே.

பார்ட்லி காலி கப்பை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார், கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"ரூமைக் கட்டிக்கோங்க. முள்மரத்தத் தொடக் கூடாது. சுத்தி நடக்க வழி விடணும்."

"எவ்வளவு அகலம் வேணும்?"

"ரெண்டு பேரு சேந்து நடக்குற அளவுக்கு."

"சரி."

"அந்த எஞ்சினியரும் வலமாத்தான் நடக்கணும்."

"கயிறு கட்டி இழுத்தாவது நடக்க வைக்கிறேன் சபீனா."

எல்லாரும் எழுந்தார்கள். ரோசலீன் வாசலில் தயங்கி நின்றாள். குழந்தைகள் அவளைத் தாண்டி வெளியே ஓடின. சபீனா மூலையில் கவிழ்த்து வைத்திருந்த இன்னொரு வாளியையும் எடுத்து, இரண்டையும் அவள் கையில் கொடுத்தாள். "குழாய் வர்ற வரைக்கும் ஏரிக்குப் போகாத. போ, மொண்டுக்கோ."

கெட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டு, பால் செம்பை எடுத்துக்கொண்டு சபீனா வெளியே வந்தாள். மாடு வேலியோரம் நின்று கத்திக்கொண்டிருந்தது, கறக்கிற நேரம் தாண்டிப்போயிருந்தது. மேகம் ஒரு பக்கம் விலகி ஏரிமேல் வெளிச்சம் விழுந்திருந்தது. கிணற்றடியில் ரோசலீன் இரண்டு வாளியையும் விளிம்பு வரை நிரப்பித் தூக்கி நிமிர்ந்தாள். கூப்பிடு தூரத்தில் அவள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, குழந்தைகள் அங்கிருந்து அம்மா அம்மா என்று கூப்பிட்டன. அவள் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கனம் இரண்டு தோளையும் கீழே இழுக்க, கிணறு வலக்கைப் பக்கம் இருக்கும்படி திரும்பி, தண்ணீர் சிந்தச் சிந்த, சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.